கூப்பிட்ட குரலுக்கு வரும் கடற்பறவைகள்

கிள்ளான் பட்டணத்திலும் துறைமுக வட்டாரத்திலும் கோல சிலாங்கூர் பக்கத்திலும் பழைய கடைவீதிகளில் மாலை ஆறு மணிக்கு மேல் நடப்பவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். கீழே கடை பூட்டியிருக்கும். மேல்மாடி சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். சுவரில் சின்னச் சின்னத் துளைகள் மட்டும் தெரியும். அங்கிருந்து ஆயிரம் பறவைகள் ஒன்றாகக் கத்துவது போல "கிச் கிச்" என்று ஓயாத இரைச்சல் வரும்.

'அடேயப்பா, எத்தனை பறவைகள்!' என்று புதிதாக வருகிறவர் அண்ணாந்து பார்ப்பார். உண்மையில் அந்தச் சத்தத்தில் பெரும் பகுதி பறவையின் தொண்டையிலிருந்து வருவதே அல்ல. வரிசையாகப் பொருத்திய சின்ன ஒலிபெருக்கிகளிலிருந்து வருவது.

வாலிட் என்று மலாய்க்காரர்களும் நம்மவர்களும் சொல்லும் சிறு பறவையை அழைப்பதற்கான ஏற்பாடு இது. தன் எச்சிலாலேயே கூடு கட்டும் பறவை இது. அந்தக் கூட்டைத்தான் சீனர்கள் சூப் வைத்துக் குடிக்கிறார்கள். கிலோவுக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி விலை போகும் பண்டம். குகையில் வாழ வேண்டிய பறவையை நகரத்துக் கட்டடத்துக்குள் குடிவரச் செய்யும் சூட்சுமம் கூரையில் இல்லை, சுவரில் இல்லை. குரலில் இருக்கிறது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒலியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வெளி ஒலி, உள் ஒலி. வெளி ஒலி பறந்து போகிற பறவையைத் துளை வரைக்கும் இழுத்து வரும். உள்ளே வந்த பறவையைத் தங்க வைப்பது உள் ஒலி. அந்த உள் ஒலியில் பெரிய பறவைகளின் பேச்சோடு, இரை கேட்டுக் கத்தும் குஞ்சுகளின் குரலையும் கலந்து வைப்பார்கள். ஏன் குஞ்சின் குரல்? 'இந்த இடத்தில் ஏற்கெனவே குடும்பங்கள் வாழ்கின்றன, முட்டை பொரிந்திருக்கிறது, குஞ்சு உயிரோடிருக்கிறது' என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு ஏது? முதல் முறையாகக் கூடு கட்ட இடம் தேடும் இளம் பறவைக்கு அந்தச் சாட்சி போதும்.

நம் ஊரில் பணம் பண்ணுவதற்குப் பயன்படுகிற இதே வித்தையைத்தான், உலகின் பல கடற்கரைகளில் அழியும் நிலையிலுள்ள கடற்பறவைகளைக் காப்பாற்ற ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

முட்டைக்குள்ளேயே பேச்சு

கடற்பறவைகளில் மிகப் பெரும்பாலானவை கூட்டம் கூட்டமாக முட்டையிடுபவை. ஒரு பாறைத் தீவில் பத்தாயிரம் ஜோடி, சில இடங்களில் இலட்சம் ஜோடி என்று நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். குஞ்சுகள் எல்லாம் பார்வைக்கு ஒரே அச்சு. கடலுக்குப் போய் மீன் பிடித்து வரும் தாயோ தகப்பனோ தன் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிக்கும்? கண்ணை நம்பினால் நடக்காது. காதைத்தான் நம்ப வேண்டும்.

வட அட்லாண்டிக் கடலோரப் பாறைகளில் வாழும் கில்லிமாட் என்ற பறவை கூடே கட்டாது. செங்குத்துப் பாறையின் விளிம்பில், வெறும் கல்லில் ஒரே ஒரு முட்டை. ஒரு சதுர மீட்டரில் இருபது ஜோடி கூட உட்கார்ந்திருக்கும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பீட் சான்ஸ் என்ற ஆய்வாளர் 1968இல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்தப் பறவையைப் பற்றியதுதான். பொரிவதற்கு முன்பே, முட்டைக்குள் இருக்கும் குஞ்சு தன் பெற்றோரின் குரலைக் கேட்டுப் பழகிக்கொள்கிறது என்று அவர் காட்டினார். முட்டையாக இருந்தபோது எந்தக் குரலைக் கேட்டதோ, வெளியே வந்த பிறகு அந்தக் குரல் வரும் ஒலிபெருக்கியை நோக்கித்தான் குஞ்சு நகர்ந்தது.

இது வெறும் பாசக் கதை அல்ல, உயிர்ப் பிரச்சினை. ஏறக்குறைய மூன்று வாரம் ஆனதும், சரியாகப் பறக்கக்கூடத் தெரியாத அந்தக் குஞ்சு மாலை நேரத்தில் பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கும். கீழே தண்ணீரில் தகப்பன் பறவை கூப்பிட்டுக்கொண்டிருக்கும். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் குதிக்கின்றன, நூற்றுக்கணக்கான தகப்பன்கள் கூப்பிடுகின்றன. குரலை வைத்து இரண்டும் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் அடுத்த இரண்டு மாதம் வரை தகப்பன்தான் கடலில் வைத்து அதை வளர்க்கும். சேராவிட்டால் அந்தக் குஞ்சு பிழைக்காது.

ஸ்பெயின் நாட்டின் கலீசியா கடலோரத்தில் உள்ள சால்வோரா தீவில் கடற்காகங்களின் முட்டைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. மூன்று முட்டைகள் கொண்ட ஒரு தொகுதியில் இரண்டை மட்டும் எடுத்து, ஆபத்து வரும்போது பெரிய பறவைகள் எழுப்பும் அபாயக் குரலைக் கேட்க வைத்தார்கள். பிறகு மூன்றாவது முட்டையோடு ஒட்டி வைத்தார்கள். அபாயக் குரலைக் கேட்ட முட்டைகளுக்குள் குஞ்சுகள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டன, அதிகமாக அதிர்ந்தன. எதையுமே கேட்காத மூன்றாவது குஞ்சும் அந்த அதிர்விலிருந்து சேதியைப் புரிந்துகொண்டு, பொரிந்த பிறகு மற்ற இரண்டைப் போலவே ஆபத்து என்றதும் சட்டென்று பதுங்கியது. ஓட்டுக்குள் இருந்தபடியே அண்ணன் தம்பிக்குச் சொல்லி வைத்துவிட்டது!

பத்துமலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை

தைப்பூசத்தன்று பத்துமலையில் இலட்சக்கணக்கான மக்கள். உறுமி மேளம், நாதஸ்வரம், ஒலிபெருக்கி அறிவிப்பு, "வேல் வேல்" முழக்கம். அந்த இரைச்சலில் எங்கோ ஒரு பிள்ளை "அம்மா" என்று அழுதால் நூறு அம்மாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஒருத்திதான் ஓடுவாள்.

அரச பெங்குவின்களுக்கு ஆண்டு முழுவதும் தைப்பூசம்தான். தென் இந்தியப் பெருங்கடலின் குரோசே தீவுகளில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தியெரி ஓபான், பியேர் ஜுவாந்தான் ஆகியோர் இவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். இந்தப் பறவைக்கும் கூடு கிடையாது. முட்டையைப் பாதத்தின்மேல் வைத்து அடைகாக்கும். வளர்ந்த குஞ்சுகள் பெரிய கூட்டமாக ஒன்றுசேர்ந்து நிற்கும். பெற்றோர் கடலிலிருந்து திரும்பி வந்து குரல் கொடுக்க, அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் அதன் குஞ்சு மட்டும் பதில் சொல்லும். சுற்றியுள்ள இரைச்சலைவிடத் தாயின் குரல் மெலிந்திருந்தாலும் குஞ்சு பிரித்தறிகிறது என்று அவர்களின் 1998ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. முழுக் குரலையும் கேட்கத் தேவையில்லை, ஏறத்தாழ கால் வினாடி கேட்டாலே போதும். காற்று பலமாக வீசும் நாளில் பெரிய பறவைகள் ஒரே அசையைக் கூடுதல் தடவை திருப்பிச் சொல்கின்றன. தொலைபேசி சரியாகக் கேட்காதபோது 'ஹலோ, ஹலோ' என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதில்லையா, அது மாதிரி.

நம் கடலோரம் குளிர்காலத்தில் வந்து போகும் பெரிய கொண்டை ஆலாவிடமும் இதே பழக்கம் உண்டு. ஒரு பறவை கழுத்தை நீட்டினால் பக்கத்துப் பறவையைக் கொத்தலாம், அவ்வளவு நெருக்கமாக இவை முட்டையிடும். குஞ்சுகள் சில நாளில் கூட்டை விட்டு இறங்கி ஒரே மந்தையாகச் சேர்ந்துவிடும். மீனோடு வரும் பெற்றோர் மேலே வட்டமிட்டுக் கத்த, அதன் குஞ்சு மட்டும் மந்தையிலிருந்து பிரிந்து வெளியே ஓடிவரும்.

இந்த இடத்தில் மனிதர்கள் செய்யும் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படகில் போய் மணல் திட்டில் இறங்கி நடந்தால், குஞ்சுகள் நாலா பக்கமும் சிதறி ஓடுகின்றன. அந்நியக் கூட்டருகே போகும் குஞ்சைப் பக்கத்து வீட்டுப் பறவைகள் கொத்தும். வெயிலில் நிழலில்லாமல் நிற்கும் குஞ்சு சுருண்டு விழும். தாய் கூப்பிடும் தூரத்துக்கு அப்பால் போய்விட்டால் குரலும் உதவாது. இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள இராமர் பாலத்து மணல் திட்டுகளில் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. இலங்கை அரசாங்கம் தன் பக்கத்துத் திட்டுகளை 2015இல் தேசியப் பூங்காவாக அறிவித்ததற்கு இந்தப் பறவைகளும் ஒரு காரணம்.

பொம்மையும் ஒலிநாடாவும்

குரலுக்கு இவ்வளவு சக்தி இருக்கிறதென்றால், பறவை விட்டுப்போன தீவுக்கு அதைக் குரல் கொடுத்தே திரும்ப அழைக்கலாமே? அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஸ்டீபன் கிரெஸ் என்ற இளைஞர் 1970களில் இப்படித்தான் யோசித்தார். ஈஸ்டர்ன் எக் ராக் என்ற சிறு தீவில் ஒரு காலத்தில் பஃபின்களும் ஆலாக்களும் நிறைய இருந்தன. இறைச்சிக்கும், முட்டைக்கும், சீமாட்டிகளின் தொப்பிக்கு இறகு வைப்பதற்கும் வேட்டையாடி ஒழித்துவிட்டார்கள். வேட்டை நின்று பல ஆண்டுகள் ஆகியும் பறவைகள் திரும்பவில்லை. பார்க்கப்போனால் அதில் நியாயம் உண்டு. ஆளே இல்லாத கடையில் யார் நுழைவார்?

கிரெஸ் கனடாவிலிருந்து பஃபின் குஞ்சுகளைக் கொண்டுவந்து கையால் மீன் ஊட்டி வளர்த்தார். 1973 தொடங்கி பதினைந்து ஆண்டுக்குள் ஏறக்குறைய 950 குஞ்சுகள். மரத்தில் பஃபின் பொம்மைகள் செய்து பாறையில் நிறுத்தினார். ஆலாக்களுக்கு இன்னொரு ஏற்பாடு: 1978இல் ஆலா பொம்மைகளோடு ஒலிநாடாவும் வைத்தார். வேறொரு தீவின் ஆலாக் கூட்டத்து இரைச்சல் அந்த வெறும் பாறையில் கேட்க ஆரம்பித்தது. 1980இல் நிஜ ஆலாக்கள் முட்டையிட்டன. அடுத்த ஆண்டே பஃபின்களும் குடும்பம் நடத்தத் தொடங்கின. 'பறவைக்குப் போய் சினிமா காட்டுகிறார்' என்று நினைத்தவர்களும் பிறகு அதே வழியைப் பின்பற்றினார்கள். ஜப்பானில் குட்டை வால் அல்பட்ராஸ், பெர்முடாவில் கஹாவ், நியூசிலாந்தில் பல பெட்ரல் இனங்கள் என்று இந்த முறை பரவியது. நியூசிலாந்தில் இடம் மாற்றப்படும் குஞ்சுகளுக்கு என்ன தீனி தெரியுமா? நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் அதே டின் சார்டின் மீன், தண்ணீர் விட்டு அரைத்தது.

படச்சுருளில் கிடைத்த பறவை

நமக்கு மிக அருகில் நடந்த கதை சீனக் கொண்டை ஆலாவுடையது. அலகு மஞ்சள், அதன் நுனி கறுப்பு. 1937க்குப் பிறகு உறுதியான தகவலே இல்லாமல், அழிந்தே போனது என்று பலர் முடிவு கட்டிவிட்ட பறவை இது. 2000ஆம் ஆண்டில் தைவானுக்குச் சொந்தமான மாட்சு தீவுகளில் சாதாரண ஆலாக்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்த லியாங் சியே-தே, எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தபோது கூட்டத்துக்குள் நாலு ஜோடி வேறு மாதிரி நிற்பதைக் கண்டார். குஞ்சுகளோடு! தொலைக்காட்சித் துறையில் இருப்பவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சீனாவின் செஜியாங் மாநிலத்து ஜியுஷான் தீவுகளில் கண்டுபிடிக்கப்பட்ட இன்னொரு கூட்டத்தின் முட்டைகளை 2007இல் ஆட்கள் பொறுக்கிப் போய்விட, பறவைகள் இடத்தையே கைவிட்டன. உலகம் முழுவதும் ஐம்பதுக்கும் குறைவு என்பது அப்போதைய மதிப்பீடு.

2013 மே மாதம், அதே ஜியுஷானில் தியேதுன் என்ற சிறு தீவில் செடிகளை வெட்டி இடம் ஒதுக்கி, 300 ஆலா பொம்மைகளை நட்டு, சூரிய சக்தியில் ஓடும் ஒலிபெருக்கிகளைச் சீன ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து பொருத்தினார்கள். மே போனது. ஜூன் போனது. ஒன்றும் வரவில்லை. நம்பிக்கை தளர்ந்திருந்த ஜூலைத் தொடக்கத்தில் சில பெரிய கொண்டை ஆலாக்கள் பொம்மைகளுக்கு மேலே வட்டமிட்டன. மாதக் கடைசியில் 2,600 பறவைகள்! அந்தக் கூட்டத்துக்குள் 19 சீனக் கொண்டை ஆலாக்கள். செப்டம்பர் முடிவதற்குள் பெரிய கொண்டை ஆலாவின் குஞ்சுகள் 600க்கு மேல் பறந்தன. சீனக் கொண்டை ஆலாவின் குஞ்சு ஒன்று பறந்தது உறுதியானது. மறு ஆண்டு குறைந்தது பதின்மூன்று. இன்று இந்த இனத்தின் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. ஒலிபெருக்கி மட்டும் இதைச் சாதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முட்டை பொறுக்க யாரும் வராதபடி, பறவைகள் இருந்த காலம் முழுவதும் தீவருகே காவல் இருந்தது.

கூப்பிட்டுவிட்டு ஏமாற்றினால்?

எல்லா அழைப்பும் பலிப்பதில்லை. நியூசிலாந்தின் மானா தீவில் 80 கான்கிரீட் கேனட் பறவைகளை வைத்து ஒலிபெருக்கியும் கட்டினார்கள். பல ஆண்டு கழித்து, 2015இல், ஒரே ஒரு பறவை வந்து தங்கியது. நைஜல் என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு கான்கிரீட் பறவைக்கு அருகில் கடற்பாசியும் மண்ணும் கொண்டு கூடு கட்டி, அதற்கு இறகு கோதிவிட்டு, பதில் வராத பேச்சைப் பேசிக்கொண்டிருந்தது. 2017 கடைசியில் ஒலிபெருக்கிகளின் இடத்தை மாற்றி வைத்த பிறகு மூன்று நிஜப் பறவைகள் வந்தன. அடுத்த சில வாரங்களில், 2018 தொடக்கத்தில், நைஜல் தன் கான்கிரீட் துணையின் அருகிலேயே இறந்து கிடந்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைச் சோகக் காதலாக எழுதின. ஆய்வாளர்கள் குறித்துக்கொண்டது வேறு: ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்கூட விஷயம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து, தப்பான இடத்துக்கு அழைப்பது. எலி இருக்கிற தீவில் ஒலிபெருக்கி வைத்தால், அது பறவைக்கு விரித்த வலையாகிவிடும். ஆகவேதான் முதலில் எலியை ஒழித்துவிட்டுப் பிறகு குரல் கொடுக்கிறார்கள்.

குரலை ஒலிபரப்பாமல், வெறுமனே கேட்டும் பயன் பெறலாம். வளைக்குள் முட்டையிடும் கடற்பறவைகளை எண்ண, வளை வாயிலில் பதிவான குரலை ஒலிக்கச் செய்து, உள்ளிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை, குஞ்சும் மிரளாது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் ஆலாக் கூட்டங்களுக்கு நடுவே ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துவிட்டு வந்தார்கள். சத்தம் எவ்வளவு என்பதை வைத்தே கூட்டில் எத்தனை ஜோடி என்று ஏறக்குறையச் சொல்ல முடிகிறது என்று 2014இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. அண்டார்டிக் பகுதியின் புயல் பெட்ரல் குஞ்சுகளை ஆராய்ந்தவர்கள், மெலிந்த குஞ்சு கூடுதலாகக் கத்துவதையும் அதற்கேற்பப் பெற்றோர் இரை கொண்டுவருவதையும் கவனித்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்தின் குஞ்சுகள் வழக்கத்தை மீறிக் கத்தினால், கடலில் இரை குறைந்திருக்கலாம் என்று பொருள்.

அதே குரல், வேறு நோக்கம்

இனி நம் ஊருக்குத் திரும்பலாம். முராய் பத்து போன்ற பாடும் பறவைகளைப் பிடிக்கிறவர்கள் இன்று கைப்பேசியில் குரலைப் போட்டே வலைக்கு வரவழைக்கிறார்கள். படம் எடுக்கும் ஆசையில் குஞ்சு வைத்திருக்கும் பறவைக்கு முன்னால் திரும்பத் திரும்பக் குரலை ஒலிக்க விடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் தாய்ப்பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் துரத்திக்கொண்டிருக்கும்.

வாலிட் விஷயமோ இரண்டுங்கெட்டான். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது பாதுகாக்கப்பட்ட பறவை. வளர்ப்பதற்குப் பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். இருட்டுக்குள் "டிக் டிக்" என்று ஒலியெழுப்பி, அதன் எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கும் அபூர்வப் பறவைகளில் ஒன்று. மனிதக் காதுக்கே கேட்கும் ஒலி அது. ஒரு கூட்டில் இரண்டு முட்டை. குஞ்சுகள் பறந்துபோன பிறகு கூட்டை எடுத்தால் பறவை மறுபடி கட்டிக்கொள்ளும், பொறுப்பான தொழில் செய்பவர்கள் அப்படித்தான் எடுக்கிறார்கள். நல்ல விலை வருகிறதென்று அவசரப்பட்டு முட்டையோடோ குஞ்சோடோ கூட்டைப் பெயர்த்தால், 'இங்கே குஞ்சுகள் பிழைக்கின்றன' என்று சுவரில் ஒலிபெருக்கி நாள் முழுவதும் சொல்வது பொய்யாகிவிடுகிறது.

கடற்பறவைகள் முட்டையிடும் இடங்கள் நம் நாட்டில் அதிகமில்லை. மலாக்கா நீரிணையின் வடக்கே பூலாவ் பேராக் பாறையில் பழுப்பு பூபி, கிழக்குக் கரையோரக் கற்தீவுகளில் கறுப்புப் பிடரி ஆலா என்று சிலவே. கோலாலம்பூரில் இருந்துகொண்டு இவற்றைப் பார்ப்பது சிரமம். ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயில் ஏறிக் கிள்ளான் துறைமுகம் போய், பூலாவ் கெத்தாம் படகில் உட்கார்ந்தால், ஆண்டுக் கடைசி மாதங்களில் மீன்பிடிக் கம்பங்களின் உச்சியில் ஆலாக்கள் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். கொண்டை ஆலாக்கள் பறக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையையும் மாதக்கணக்கில் கூடவே அழைத்துக்கொண்டு திரிபவை. கம்பத்தில் இருக்கும் இரண்டில் ஒன்று இறகு அழுக்குச் சாம்பலாக, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, மெல்லிய விசில் போலக் கத்திக்கொண்டே இருந்தால், அது தாயிடமோ தகப்பனிடமோ இன்னும் மீன் கேட்டுக்கொண்டிருக்கிறது.